சாய்வுக் கூரைக்குக் கீழே துணி ராடு: குன்னூர் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பழைய வீடு. மேலே தகரக் கூரை, அதற்குக் கீழே கைமரங்களில் அறைந்த பலகை சீலிங். மாடியில் ஒரே அறை. அது கூரையின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கிறது: நடுவில் முகடு, இரண்டு பக்கமும் இறங்கும் சரிவு, சரிவு முடிகிற இடத்தில் இடுப்புக்குச் சற்று மேல் வரும் குட்டைச் சுவர். மலையில் இப்படிப்பட்ட அறைகள் ஏராளம். கீழ்நாட்டில் கான்கிரீட் தளத்துக்குக் கீழே அலமாரி செய்து பழகிய ஆசாரிகளுக்கு இந்த அறைகள் எப்போதும் தலைவலிதான்.

வீட்டில் நால்வர். தோட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கும் கணவர், பள்ளி ஆசிரியையான மனைவி, கல்லூரி மகள், கணவரின் தாயார். மாடி அறை தம்பதியுடையது. எங்களை அழைத்ததற்குக் காரணம் அங்கிருந்த துணி அலமாரி. டிசம்பர் மாத மழை இரவு ஒன்றில் ராடு துணிகளோடு கழன்று விழுந்தது. மறுநாள் துணிகளை அள்ளிப் பார்த்தபோது பாதிக்கு மேல் பூஞ்சை. ராடு விழாமல் இருந்திருந்தால் பூஞ்சை இன்னும் சில மாதம் கண்ணில் பட்டிருக்காது.

போய்ப் பார்த்தபோது

பழைய அலமாரி என்பது உண்மையில் வெறும் கதவுதான். குட்டைச் சுவரிலிருந்து 2 அடி தள்ளி ஒரு சட்டம் அடித்து, கதவு மாட்டியிருந்தார்கள். உள்ளே பெட்டி இல்லை, பின்பலகை இல்லை. சுவரிலிருந்து 10 அங்குலத்தில் 6 அடி நீளத்துக்கு ஒரே அலுமினிய ஓவல் ராடு. ஒரு முனை முக்கோணச் சுவரின் (கூரையின் முனையில், சரிவுகளுக்குக் கீழே நிற்கும் சுவர்) பூச்சில், மறு முனை பக்கத்துப் பிளைவுட்டில். நடுவில் தொய்யாமல் இருக்க, மேலே சீலிங்கிலிருந்து ஒரு கொக்கி.

அந்தக் கொக்கிதான் முதலில் விட்டிருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் பழைய பலகையைக் கழற்றிவிட்டு 6 மி.மீ. பிளைவுட் அடித்திருந்தார்கள். கொக்கியின் ஸ்க்ரூ அந்தப் பிளைவுட்டோடு நின்றுவிட்டது, பின்னாலிருக்கும் கைமரத்தைத் தொடவில்லை. கூரைத் தகரத்தின் அடியில் இரவில் நீர் கோத்துச் சொட்டும். சொட்டியது பிளைவுட்டில் ஊறி, ஓட்டை நமுத்துப்போயிருந்தது. கொக்கி விட்டதும் 6 அடி ராடு தாங்குமா? வளைந்து முனையிலிருந்து உருவிக்கொண்டது.

ராடில் எவ்வளவு எடை இருந்தது என்று துணிகளைக் கட்டுக் கட்டாகக் குளியலறைத் தராசில் வைத்து நிறுத்தோம். 34 கிலோ. மலையில் இருப்பவர்களின் துணிக்கணக்கு வேறு. ஒரு கம்பளிக் கோட்டே ஒன்றரை, இரண்டு கிலோ வரும்.

பூஞ்சையைப் பார்த்ததில்தான் எங்களுக்குப் பாதி விடை கிடைத்தது. கோட்டுகளிலும் சட்டைகளிலும் வெள்ளைப் புள்ளிகள் ஒரு தோளில் மட்டும் இருந்தன, சுவர்ப் பக்கத்துத் தோளில். கதவுப் பக்கத்துத் தோள் சுத்தம். அதாவது துணியில் ஈரம் இருந்ததால் வந்ததல்ல. குளிர்ந்த வெளிச்சுவரைத் தொட்டுக்கொண்டு தொங்கியதால் வந்தது. அறைக்குள் மூச்சாலும் வெந்நீராலும் ஈரமான காற்று, குளிர்ந்த சுவரில் பட்டதும் ஈரத்தை அங்கே விட்டுவிடுகிறது. 20 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று ஏறத்தாழ 14 டிகிரிச் சுவரைத் தொட்டாலே நீர் கோக்கும். குன்னூரில் பனிக்கால இரவில் வெளிச்சுவர் அதைவிடக் கீழே இறங்குவது சாதாரணம். ஈரமானியை வைத்துப் பார்த்தோம். அறை நடுவில் 68 சதவீதம், கதவைச் சாத்திய அலமாரிக்குள் 84.

மூன்றாவது குறையை மனைவி சொன்னார்: "வீட்டுக்காரர் சட்டை எடுக்கப் போனாலே ‘ணங்’குனு சத்தம் வரும்." கணவரின் உயரம் 5 அடி 8 அங்குலம். அலமாரி முன்னால் நிமிர்ந்து நின்றால் தலை தப்பிக்கும். துணியை எடுக்க ஓரடி முன்னால் சாய்ந்தால் சீலிங்கில் இடிக்கும்.

அளவு

ரசமட்டத்தைச் சரிவில் வைத்து அளந்தோம். ஓரடிக்கு 7 அங்குலம் ஏறுகிறது, ஏறத்தாழ 30 பாகை. குட்டைச் சுவரின் உயரம் 45 அங்குலம். இந்த இரண்டு எண்ணும் தெரிந்தால் மிச்சமெல்லாம் மனக்கணக்கு: சுவரிலிருந்து ஓரடியில் சீலிங் 52 அங்குலம், 2 அடியில் 59, 3 அடியில் 66. அறையின் அகலம் 14 அடி, ஆகவே நடு முகட்டில் 94.

சீலிங் ஒரே நேர்க்கோடாக இல்லை என்பதும் அப்போதே தெரிந்தது. நூல் பிடித்துப் பார்த்ததில் நடுவில் முக்கால் அங்குலம் தொய்வு. பழைய கைமரங்கள், எதிர்பார்த்ததுதான்.

அப்புறம் துணிகளை அளந்தோம். இதைப் பலர் செய்வதில்லை, அலமாரியை மட்டும் அளக்கிறார்கள். ராடிலிருந்து கீழ்நுனி வரை, ஹேங்கரோடு சேர்த்து: சட்டை 40 அங்குலம், மடித்துப் போட்ட பேன்ட் 30, மடித்துப் போட்ட புடவை 30, மகளின் நீளக் குர்தா 48 முதல் 50, நைட்டியும் மழைக்கோட்டும் 56-க்கு மேல். ஆசிரியை என்பதால் தினசரிப் புடவைகள்தான் அதிகம்.

யோசித்த வழிகள்

வீட்டுக்காரர் முதலில் கேட்டது இரட்டை ராடு. மேலே சட்டை, கீழே பேன்ட். படத்தில் அழகாகத்தான் இருக்கும். சட்டைக்கு 40, பேன்ட்டுக்கு 30, ஹேங்கரைத் தூக்கி எடுக்க இடம், அடிப்பலகை எல்லாம் சேர்த்தால் 75 அங்குலத்துக்குக் குறையாமல் வேண்டும். சரிவுப் பக்கத்தில் அந்த உயரமே கிடையாது. காகிதத்தில் வரைந்து காட்டியதும் அவரே விட்டுவிட்டார்.

இரண்டாவது வழி, முக்கோணச் சுவரை ஒட்டி அலமாரி வைப்பது. உயரத்துக்கு இதுதான் நல்லது. சுவரின் நடுவில் ஜன்னல், அதன் ஒரு பக்கத்தில் 5 அடி கிடைக்கும், உயரம் 45-லிருந்து 80 வரை ஏறும். சரிவு அங்கே பக்கவாட்டில் வருவதால் ராடைப் படிப்படியாக வைக்க வேண்டும்: நடுத் தடுப்பு அடித்து, உயரமான பக்கம் நீளத் துணிக்கு ஒரு ராடு, தாழ்ந்த பக்கம் சட்டைக்கு ஒரு ராடு, கடைசி மூலையில் இழுப்பறை. சமவெளியில் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் இந்த முக்கோணச் சுவர் கிழக்கே பார்த்தது. குன்னூருக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. காற்றோடு வரும் சாரல் நேராக இந்தச் சுவரில் அடிக்கிறது. பூச்சில் ஈரக் கறை ஜன்னல் விளிம்பிலிருந்து தரை வரை ஓடியிருந்தது. துணியைக் கொண்டுபோய் அங்கே சேர்ப்பதில் அர்த்தமில்லை. கறையைத் துளியும் கணக்கில் எடுக்காமல் உயரத்தை மட்டும் பார்த்திருந்தால் பழைய கதைதான் திரும்பியிருக்கும்.

மூன்றாவது வழி, பழைய இடத்திலேயே, குட்டைச் சுவர்ப் பக்கத்திலேயே வைப்பது, ஆனால் முழு அலமாரியையும் ஓரடி முன்னால் இழுப்பது. பின்னால் ஓரடி இடைவெளி சும்மா நிற்கும். வீட்டுக்காரர் இதற்குத்தான் அதிகம் தயங்கினார். ஏற்கெனவே குறுகிய அறை, அதில் இன்னும் ஓரடியை இழப்பதா?

முடிவும் காரணமும்

மூன்றாவது வழியைத்தான் எடுத்தோம். அவரைச் சம்மதிக்க வைத்தது கணக்கு. ராடு சுவரிலிருந்து ஓரடியில் இருந்தால் சீலிங் 52 அங்குலம். 2 அடியில் இருந்தால் 59. ஓரடி முன்னால் வந்ததற்கு 7 அங்குல உயரம் கிடைக்கிறது. ராடை சீலிங்கிலிருந்து இரண்டரை அங்குலம் இறக்கினால் 56½. அடிக்கட்டையும் அடிப்பலகையும் போக, துணி தொங்க 52 அங்குலம் மிஞ்சும். குர்தா தரையைத் தொடாது. சட்டைக்குக் கீழே ஓரடி உயரத்துக்கு இழுப்பறையே வைக்கலாம்.

தலை இடிக்கும் பிரச்சினையும் இதிலேயே தீர்ந்தது. கதவு 3 அடிக் கோட்டுக்கு வந்துவிட்டதால், நிற்கிற இடத்தில் சீலிங் 76 அங்குலத்துக்கு மேல். ஓரடி முன்னால் சாய்ந்தாலும் 69-க்கு மேல்.

பின்னால் விட்ட ஓரடி காற்றுக்கு. துணி வெளிச்சுவரைத் தொடாது, பின்பலகையும் தொடாது. நாப்தலின் உருண்டை, வசம்பு, வேப்பிலை எல்லாம் பூச்சிக்கு நல்லதுதான், பாட்டிமார் சும்மா வைக்கவில்லை. ஆனால் சுவரின் குளிரை அவை என்ன செய்யும்? மலை வீடுகளில் சிலர் செய்வதுபோல அலமாரிக்குள் குண்டு பல்பு ஒன்றை எரியவிடலாமா என்று மாமியார் கேட்டார். துணிக்கு நடுவே சூடான பல்பு, அதுவும் மரக்கூரைக்குக் கீழே. வேண்டாம் என்றோம்.

ராடை எவ்வளவு மேலே ஏற்றலாம் என்பதற்கு இன்னொரு சோதனை தேவைப்பட்டது. சீலிங் பின்பக்கம் இறங்குவதால் ஹேங்கரின் பின்தோள் பலகையில் உரசுமா? சாதாரண ஹேங்கரில் நடுவிலிருந்து தோள் நுனி எட்டரை அங்குலம். அந்தத் தூரத்தில் சீலிங் 5 அங்குலம் இறங்குகிறது, அதாவது ராடுக்கு இரண்டரை அங்குலம் கீழே வருகிறது. ஆனால் தோள் நுனி ராடுக்கு 6 அங்குலம் கீழேதான் இருக்கும். மூன்றரை அங்குலம் காலி. இதே வீடு 45 பாகைச் சரிவாக இருந்திருந்தால் தோள் நுனியும் பலகையும் ஒரே உயரத்துக்கு வந்து உரசியிருக்கும். அப்போது ராடை இன்னும் இரண்டு மூன்று அங்குலம் இறக்கியே ஆக வேண்டும். செங்குத்தான கூரைக்கு இந்தக் கணக்கைச் செய்யாமல் சாக்கெட் (ராடின் முனையைத் தாங்கும் பிடி) அடிக்கக் கூடாது.

வேலை நடந்த விதம்

சீலிங்கில் எதையும் தொங்கவிடுவதில்லை என்பது முதல் தீர்மானம். தகரக் கூரை வெயிலிலும் காற்றிலும் அசையும். அதோடு சேர்த்துக் கட்டினால் அலமாரியும் அசையும். எடை முழுவதும் நிற்கும் தடுப்புப் பலகைகள் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். அதற்காக 8 அடி அலமாரியை 19 மி.மீ. பிளைவுட் தடுப்புகளால் மூன்று அறைகளாகப் பிரித்தோம். பிளைவுட் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் வகை. விலை கூடுதல்தான், ஆனாலும் இந்த ஈரத்தில் அழுத்தப்பலகை போட்டால் அடிவிளிம்பு இரண்டு மழைக்குள் ஊதிவிடும்.

தடுப்புகளின் மேல்விளிம்பு சரிவாக வர வேண்டும், சீலிங்கோ வளைந்திருக்கிறது. ஒரே அளவில் எல்லாவற்றையும் அறுக்காமல், ஒவ்வொரு தடுப்பின் இடத்திலும் அட்டையை வைத்துக் கோடு இழுத்து, அந்த அட்டையைப் பலகையில் வைத்து அறுத்தார் ஆசாரி. ராடின் உயரத்தையும் தொய்வு அதிகமான இடத்தை வைத்தே முடிவு செய்தோம், இல்லாவிட்டால் நடு அறையில் மட்டும் ஹேங்கர் தட்டியிருக்கும். மேலே அரை அங்குலம் இடைவெளி விட்டு, அதை ஒரு பீடிங் (மெல்லிய மரச்சட்டம்) மறைக்கிறது. பீடிங் சீலிங்கில் மட்டும் அறையப்பட்டது, அலமாரியோடு ஒட்டவில்லை.

ராடு 25 மி.மீ. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் குழாய், ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக, ஏறத்தாழ 31 அங்குலம். நீளத்தைக் குறைத்ததுதான் இங்கே பெரிய வேலை செய்கிறது. துணி சமமாகப் பரவித் தொங்கும் ராடின் தொய்வு அதன் நீளத்தின் நான்காம் அடுக்கில் மாறும். நீளத்தைப் பாதியாக்கினால் தொய்வு 16-ல் ஒரு பங்கு. பழைய 6 அடியை 31 அங்குலமாக்கியதும் நடுக் கொக்கியே தேவைப்படவில்லை. தடித்த குழாய் வாங்குவதைவிட ஒரு தடுப்புப் பலகை கூட வைப்பது மேல் என்பது என் எண்ணம்.

சாக்கெட் மேலே திறந்த வகை. ராடைத் தூக்கி எடுத்துத் துடைக்கலாம். நடுத் தடுப்புகளில் இரண்டு பக்கமும் சாக்கெட் வருவதால் ஸ்க்ரூவுக்குப் பதில் போல்ட் போட்டு இரண்டையும் ஒன்றாக முடுக்கினோம். இரண்டு முனையின் உயரத்தையும் சீலிங்கிலிருந்து அளக்கவில்லை, தரையிலிருந்தும் அளக்கவில்லை. பழைய வீட்டில் இரண்டும் மட்டமில்லை. ரசமட்டத்தில் ஒரு கோடு அடித்து அதிலிருந்து எடுத்தோம்.

முதல் அறை கணவருக்கு: ராடு, கீழே இழுப்பறை. நடு அறை தினசரிப் புடவைகளுக்கு: ராடு, கீழே இரண்டு தட்டு. பட்டுப் புடவைகளை ராடில் போட வேண்டாம் என்றோம். ஒரே மடிப்பில் எடையோடு தொங்கினால் ஜரிகை அந்த இடத்தில் முறியும். அவை பருத்தித் துணியில் சுற்றித் தட்டுக்குப் போயின, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். மூன்றாவது அறையில் கோட்டுகளுக்கும் குர்தாக்களுக்கும் ராடு, ஒரு ஓரத்தில் ஸ்வெட்டர்களுக்குச் சிறு தட்டுகள். ஸ்வெட்டரைத் தொங்கவிட்டால் தோள் இழுபட்டு நீளும். நைட்டியும் மழைக்கோட்டும் மட்டும் எதிலும் அடங்கவில்லை. அவற்றுக்காக முழு அலமாரியையும் வளைப்பதற்குப் பதில், முகட்டுக்கு அருகே கதவுப் பக்கச் சுவரில் ஒரு கொக்கிப் பலகை அடித்தோம்.

கதவுகள் லூவர் வகை, காற்று போகச் சாய்ந்த பட்டைகள் வைத்தவை. சீலிங் வெளிப்பக்கம் ஏறுவதால் கதவு திறக்கும்போது எதிலும் இடிக்கவில்லை. பின்பலகையின் மேலும் கீழும் 2 அங்குலம் திறப்பு. முக்கோணச் சுவரிலிருந்தும் 4 அங்குலம் தள்ளியே அலமாரி நிற்கிறது, அந்த இடுக்கை ஒரு மெல்லிய பலகை மூடுகிறது. பின் இடைவெளிக்கு மறு முனையில் ஒரு சிறு கதவு. அதற்கும் இடுக்குப் பலகைக்கும் காற்றுத் துளைகளுள்ள ஜாலி வைக்கலாம் என்றோம். பல்லி வரும் என்று மனைவி மறுத்தார். சரி, மூடிய பலகையாகவே போட்டோம்.

மழைக்குப் பிறகு

அடுத்த வடகிழக்கு மழை முடிந்ததும் போய்ப் பார்த்தோம். ராடுகளில் ரசமட்டம் வைத்ததில் தொய்வு கண்ணுக்குத் தெரியவில்லை. சாக்கெட் போல்ட்கள் இறுக்கமாகவே இருந்தன. ஹேங்கரில் இருந்த துணி எதிலும் பூஞ்சை இல்லை. மழை நாளிலும் அலமாரிக்குள் ஈரமானி அறையைவிட நான்கைந்து சதவீதமே அதிகம் காட்டியது என்றார் கணவர். தலை இடிப்பது நின்றுவிட்டது. குட்டையான மாமியாருக்கும் ராடு எட்டுகிறது. வழக்கமான அலமாரியில் ராடு இதைவிட ஓரடி மேலே இருக்கும், அவர் ஸ்டூல் தேட வேண்டியிருந்திருக்கும்.

பூஞ்சை வந்தது பின் இடைவெளியில். அதைப் பெட்டி வைக்கும் இடமாக்கிக்கொண்டார்கள், அதில் தவறில்லை. முக்கோணச் சுவர் மூலைக்குத் தள்ளப்பட்ட ஒரு தோல் பையில் பச்சைப் படலம். மறு முனைச் சிறு கதவுக்கு அருகே இருந்த சூட்கேஸ் சுத்தமாக இருந்தது. பின்பலகைத் திறப்புகள் வழியாக வரும் காற்று அந்த மூலை வரை போகவில்லை. இந்த முறை மனைவியே ஜாலிக்குச் சம்மதித்தார். சிறு கதவிலும் இடுக்குப் பலகையிலும் துளைகள் போட்டு, பல்லிக்காக உள்பக்கம் மெல்லிய கம்பிவலை அடித்தோம். பெட்டிகளைச் சுவரை ஒட்டி வைக்காமல் இரண்டு ரீப்பர் துண்டுகளின் மேல் தூக்கி வைத்தார்கள்.

இன்னொன்றும் கவனத்துக்கு வந்தது. நனைந்த மழைக்கோட்டை அறைக்குள் கொக்கியில் மாட்டுவதால் அறையின் ஈரம் ஏறுகிறது. கொக்கிப் பலகையில் பாதியைக் கழற்றி, கீழே வாசல் திண்ணைப் பக்கம் அடித்துக் கொடுத்தோம்.

மறுபடி இதே வேலை வந்தால்

ஓரடி முன்னால் இழுக்கும் முடிவை மாற்ற மாட்டேன். அறையின் அகலம் அனுமதித்தால் இன்னும் மூன்று அங்குலம்கூட இழுப்பேன், ஏறத்தாழ 2 அங்குல உயரம் கூடும். அதற்கு மேல் போனால் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே நடக்க இடம் போதாது. அறையின் அகலம் 10, 11 அடியே இருந்தால் இந்த வழியே சரிப்படாது. அங்கே ராடை விட்டுவிட்டு, குட்டைச் சுவரில் இழுப்பறைகள் மட்டும் வைத்து, தொங்கும் துணிக்கு வேறு சுவர் தேட வேண்டும்.

ஜாலியைப் பேச்சுக்கு விடாமல், வலையோடு சேர்த்தே வரைபடத்தில் காட்டுவேன். வலையைக் கண்ணால் பார்த்திருந்தால் பல்லிப் பயம் முதலிலேயே போயிருக்கும்.

வேலையின் வரிசையும் மாற வேண்டும். தகரத்துக்கு அடியில் நீர் கோப்பது இன்னும் நிற்கவில்லை. தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே வெப்பத்தடுப்புப் படலம் போடுவதை முதலில் செய்து, அது ஒரு மழையைத் தாண்டிய பிறகு அலமாரிக்கு வருவதே முறை. இந்த வீட்டில் பணம் அப்போது ஒரு வேலைக்குத்தான் இருந்தது, துணி கட்டிலில் குவிந்து கிடந்ததால் அலமாரி முந்திக்கொண்டது. 6 மி.மீ. பிளைவுட் அடித்திருந்த பகுதியை மட்டும் கழற்றிப் பலகை போட்டுவிட்டோம். பீடிங்கை அலமாரியோடு ஒட்டாமல் விட்டதால், கூரை வேலை வரும்போது சீலிங்கைக் கழற்ற அலமாரியில் கை வைக்கத் தேவையில்லை. அந்த வேலையை அடுத்த கோடைக்கு வைத்திருக்கிறார்கள்.